தட்டு வாங்கிய கை

ஜூலை 14, ஞாயிறு

தோற்றோம். 44–46. சொந்த மண்ணில், சொந்த ஜனத்தின் முன்னால், கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டவிடாமல் தோற்றோம்.

பிரஷர் டாக்டர் சொல்லியிருக்கிறார், "கோபம் வந்தா கத்தாதீங்கம்மா, ஒரு நோட்டுல எழுதுங்க" என்று. எழுதுகிறேன். கத்தி முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என்றாவது இந்த நோட்டை அவர் கேட்டு வாங்கிப் பார்த்தால் புரிய வேண்டுமே என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

டாக்டர் ஐயா, இது மண்தட பைக் லீக். வட்டமான மண் பாதை. பிரேக்கே இல்லாத வண்டி. எங்கள் அணியில் இரண்டு பேர், எதிரணியில் இரண்டு பேர், நான்கு சுற்று. முதலில் வருபவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று, கடைசிக்கு நாமம். இப்படிப் பதினைந்து ஓட்டம். பதினாலு முடிந்தபோது எங்கள் புதூர்ப் பருந்துகள் 43, ஓசூர்க்காரர்கள் 41. கடைசி ஓட்டத்தில் எங்கள் கேப்டன் கிருபாகரன் முதலில் வந்தால் ஜெயித்தோம், அவ்வளவுதான். வந்தான். மூன்று சுற்றும் முதலில்தான் வந்தான். கடைசிச் சுற்றின் மூன்றாவது வளைவில், எதிரில் நாய் இல்லை, பன்றி இல்லை, பின்னால் வந்தவன் இடிக்கவும் இல்லை, த்ராட்டிலை, அதாவது ஆக்ஸிலேட்டரை, மூடிவிட்டான். வண்டி செத்தது. ஓசூர்க்காரர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உரசிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் எப்போதும் நிற்பது மூன்றாவது வளைவின் வேலியோரம்தான். அவன் என் முன்னால்தான் மூடினான். இஞ்சினின் சத்தம் அறுந்ததைக் காதால் கேட்டேன். அவன் கண்ணைக்கூட ஹெல்மெட்டுக்குள் பார்த்தேன்.

சாயங்காலம் மெஸ்ஸில் ரசிகர் மன்றமே கூடிவிட்டது. மெஸ் என்னுடையது. மன்றத்துக்குத் தலைவர் லேத்து நாச்சிமுத்து அண்ணன் என்று பேர், கத்துவது நான். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "மண்ணுல ஈரம் பத்துல அம்மிணி, காத்து மேலாக்க எல்லாத்தயும் அள்ளிட்டுப் போயிருச்சு" என்றார் நாச்சிமுத்து அண்ணன். எல்.ஐ.சி. ஜெயசீலன், "கார்புரேட்டர்ல தூசி அடைச்சிருக்கும்க்கா" என்றான். அவன் ஓட்டுவது பேட்டரி ஸ்கூட்டர். கார்புரேட்டரைப் பற்றி இவன் பேசுகிறான்.

"ஒரு மண்ணும் இல்ல. பயந்துட்டான். நான் பாத்தேன்" என்றேன். அதற்கப்புறம் யாரும் காரணம் சொல்லவில்லை. எல்லாரும் அவனைத்தான் திட்டினார்கள். எல்லாருக்கும் சப்பாத்தி போட்டேன். என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி மட்டும் கல்லாவில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதற்கும் கோபம் வராது. இருவருக்குமாகச் சேர்த்து நானே படுகிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். வியாழக்கிழமை தட்டு வைத்தோமே, அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒவ்வொரு சொந்த ஊர் மேட்சுக்கும் முன்னால், வியாழக்கிழமை, ஜமாப் மேளம் அடித்துக்கொண்டு அணியின் பட்டறைக்குப் போய்க் கேப்டனுக்குத் தட்டு கொடுப்போம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஹேண்டில்பாரில் கட்ட எலுமிச்சம்பழம். நிச்சயதார்த்தத் தட்டு மாதிரிதான். வாங்கினால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். வேண்டாம் என்று சொன்னவனும், வாங்கிவிட்டுப் பின்வாங்கியவனும் இந்த ஊரில் கிடையாது. தட்டை நான்தான் ஏந்துவேன்.

அன்றைக்குக் கிருபாகரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "மாப்பிள்ளைக்கு வெக்கம்டா" என்று நம் ஜனங்கள் சிரித்தார்கள். "அக்கா, இந்த ஒரு மேட்ச்சு மட்டும்..." என்று ஏதோ இழுத்தான். "பேச்சென்ன பேச்சு, புடி தட்ட" என்றேன். இடது கையை நீட்டினான். "அடச்சீ, பீச்சாங்கையிலயா வாங்குவ?" என்று அதட்டியதும் வலது கையையும் கொண்டுவந்தான். தட்டு சரிந்தது. தேங்காய் உருண்டு ஜமாப்காரன் காலடிக்குப் போனது. தட்டைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவன் வண்டியை எங்கே பிடிக்கப் போகிறான்!

ஜூலை 15, திங்கள்

மத்தியானம் கிருபா ஒன்றும் நடக்காதது மாதிரி சாப்பிட வந்தான். ஐந்து வருஷமாக இங்கேதான் சாப்பாடு. இராசிபுரத்துக்காரன், இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான்.

இலையைப் போட்டேன். "வாங்க சார். பிரேக்கே இல்லாத வண்டியில பிரேக் போட்ட ஒரே ஆளு நீங்கதான்" என்றேன். பக்கத்து மேசை முழுக்கச் சிரித்தது. அவன் தலையைத் தூக்கவில்லை. "அக்கா, ஒரு ஸ்பூன் இருந்தாக் குடுங்க" என்றான். ஸ்பூன்! தோற்றுவிட்டு வந்த துரைக்குச் சாம்பார் சாதத்துக்கு ஸ்பூன்! கொண்டுபோய் டங்கென்று வைத்தேன். இடது கையால் நாலு வாய் அள்ளிவிட்டு, மீதியை இலையோடு மடித்துவிட்டுப் போய்விட்டான். அந்த இலையில் பொரியல் தொடாமல் கிடந்தது. விலைவாசி தெரிந்தவனா இவன்.

ஜூலை 16, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. இதற்கும் அவன்தான் காரணம்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று மெஸ்ஸின் ஓலைத் தட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டது. வெள்ளியங்கிரி கம்பி வைத்துக் கட்டினார்.

ஆடி ஒன்றாம் தேதி இராசிபுரம் பக்கம் தேங்காய் சுடுவார்கள். வருஷா வருஷம் கிருபா எங்கள் கொல்லைப்புறத்தில்தான் சுடுவான். நாரை உரித்து, வழவழவென்று தேய்த்து, கண்ணைத் துளைத்து, எள்ளும் வெல்லமும் பாசிப்பருப்பும் அடைத்து, குச்சியில் செருகி நெருப்பில் திருப்புவான். எல்லாவற்றையும் அவனே செய்வான், யாரையும் தொட விட மாட்டான். இன்றைக்கு வந்தான். என்னிடம் பேசாமல் நேராகக் கொல்லைக்குப் போனான். எட்டிப் பார்க்கிறேன், இவன் கையைக் கட்டிக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருக்கிறான், என் வீட்டுக்காரர் வேலைக்காரர் மாதிரி தேங்காயைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். குச்சியைப் பிடித்துத் திருப்பியதும் அவர்தான்.

"கேப்டனுக்கு இனி விசிறியும் வீசி உடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வைத்த பங்கை நான் தொடவில்லை. கொஞ்சம் கருகியும் இருந்தது.

ஜூலை 18, வியாழன்

மன்றக் கூட்டம், மெஸ்ஸில். இருபத்தெட்டாம் தேதி சேலத்தோடு கடைசி மேட்ச், அதுவும் நம் மண்ணில். இதிலும் தோற்றால் அடுத்த வருஷம் நாம் லீக்கில் இல்லை. அணியையே கலைத்துவிடுவார்கள். அந்த மண் பாதையில் வெள்ளரிக்காய் போடலாம்.

பாதிப் பேர் கிருபாவைத் தூக்கிவிட்டு ரிசர்வ் ஆள் ஜெகதீஷை இறக்கச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் எழுந்தேன். "அதெப்படி? அசிங்கத்தப் பண்ணுனவன் அவன். அவனேதான் கழுவோணும். மறுக்கா தட்டு எடுப்போம். வாங்கட்டும். ஓட்டட்டும். இந்தத் தடவ மூடட்டும் பாக்கலாம்" என்றேன். கைதட்டினார்கள்.

நாச்சிமுத்து அண்ணன் மட்டும் தயங்கினார். "ஆடியில தட்டு எடுக்கறதுங்களா அம்மிணி?"

"ஆடி ஆகாதது கல்யாணத்துக்குங்ணா. மானத்துக்கு என்ன ஆடி, ஆவணி?" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

வெள்ளியங்கிரி எழுந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். தொட்டியில் தண்ணீர் இருந்தது. எனக்குத் தெரியும், நான்தான் நிரப்பினேன்.

ஜூலை 19, வெள்ளி

காலையில் வாசல் போர்டில், பொங்கல், வடை, ரவா தோசைக்குக் கீழே, சாக்பீஸால் பெரிய எழுத்தில் எழுதினேன்: "த்ராட்டிலை மூடுகிறவர்களுக்கு இங்கே சாப்பாடு இல்லை." ஜெயசீலன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். பத்து மணிக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஓசூர்க்காரர்கள் வரைக்கும் போய், அவர்கள் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டார்களாம். அதில்தான் கொஞ்சம் வயிறெரிந்தது. இது எங்கள் வீட்டுச் சண்டை. இவர்கள் என்ன சிரிப்பது?

ஒரு மணிக்குக் கிருபா வந்தான். போர்டைப் படித்தான். உள்ளே பார்த்தான். நான் பார்க்காத மாதிரி ரசத்தைக் கலக்கினேன். போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தால் போர்டில் அந்த வரி மட்டும் இல்லை. பொங்கல் இருக்கிறது, வடை இருக்கிறது.

"ஏனுங்க, யாரக் கேட்டு அழிச்சீங்க?"

"தண்ணி பட்டுருச்சு."

"அந்த வரி மேல மட்டும் பட்டுச்சுங்களா?"

"ஆமா" என்றார். இந்த மனுஷனோடு சண்டை போடுவதும் பஞ்சு மூட்டையைக் குத்துவதும் ஒன்று. கைதான் வலிக்கும்.

ஜூலை 20, சனி

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மத்தியானம் வெள்ளியங்கிரி டிபன் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றால் "மோட்டார் ரூமுக்கு" என்றார். மோட்டார் ரூம் எப்போதிலிருந்து சோறு சாப்பிடுகிறது? மூன்று மணிக்கு ஜெயசீலன் வந்து, "அக்கா, அண்ணன் கிருபா ரூமுல இருந்து வர்றாருங்க. தெனமும் போறாராட்ட இருக்குது" என்று பற்ற வைத்துவிட்டு ஒரு காபியும் குடித்துவிட்டுப் போனான்.

அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஊரே காறித் துப்புகிறவனுக்கு என் அடுப்பில் வெந்த சோற்றை என் பாத்திரத்தில் கொண்டுபோகிறீர்களே, உங்களுக்கு ரோஷம் இருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் கேரியரைக் கழுவி, துடைத்து, அடுக்கில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அவன் மூடல சாந்தா."

"நான் பாத்தேனுங்க. எங்கண்ணால..."

"நீ பாத்தது வண்டிய. கைய நான் பாத்தேன். அவன் மூடல. கை உட்டுருச்சு."

போன மாதம் வெளியூர் மேட்சில் விழுந்தானே, தட்டிவிட்டு எழுந்து கையாட்டினானே, அப்போதே மணிக்கட்டில் நரம்பு நசுங்கிவிட்டதாம். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய்விட்டன. அது த்ராட்டில் முறுக்குகிற கை. இரண்டு மாதம் வண்டியைத் தொடாதே, இன்னொரு முறை அடி பட்டால் இந்த விரல்கள் திரும்பாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அணி மேனேஜரிடம் சொன்னதற்கு, "ரசிகருங்ககிட்ட நீயே சொல்லிக்க, நான் சொன்னா என்னைக் கொன்னுபோடுவாங்க" என்றாராம். வியாழக்கிழமை எல்லாரும் பட்டறைக்கு வருவார்களே, அங்கே சொல்லிவிடலாம் என்றுதான் நின்றுகொண்டிருந்தானாம்.

கடைசி ஓட்டத்தில் மூன்றாவது வளைவு வந்தபோது விரல்கள் தாமாகவே விரிந்துவிட்டன. கையை விட்டால் ஸ்பிரிங் த்ராட்டிலை மூடிவிடும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"இத்தன நாளா எனக்கு ஏன் சொல்லுல?" என்று கத்தினேன்.

"நீ எங்க பேச உட்ட?" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் இப்படிச் சொன்னதே இல்லை.

எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மேனேஜர் மேல் வருகிறது. சொல்லாமல் இருந்த இவர் மேல் வருகிறது. வாயைத் திறக்காத அந்தக் கிருபா மேல் வருகிறது. வேறு யார் மேலாவது வருகிறதா என்று இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கி வந்தேன். காற்று நிற்கவே இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

கிருபாவின் அறைக்குப் போனேன். சும்மா போகவில்லை, திட்டத்தான் போனேன்.

கயிற்றுக் கொடியில் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பொத்தான் போட வேண்டாத டீ ஷர்ட்டாகவே எல்லாம். அவன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தான். அமுக்கினான் என்று சொல்வதற்கில்லை. பந்து அமுங்கவில்லை.

"வாய் என்னத்துக்கு இருக்குது உனக்கு? நோவுதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று ஆரம்பித்தேன்.

அவன் பந்தைக் கீழே போட்டான். அது உருண்டு கதவுவரை போனது. ஐந்து வருஷத்தில் முதல் முறையாக அவன் கோபத்தைப் பார்த்தேன்.

"அக்கா, நீங்க பேசாதீங்க. அஞ்சு வருசமா உங்க கையாலதான் திங்கறேன். ஸ்பூன் கேட்டேன். எதுக்குடா ஸ்பூன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? தட்டு கீழ சாஞ்சுது. ஏண்டா சாஞ்சுதுன்னு கேட்டீங்களா? ஜெயிச்சா எம்பட கேப்டன், தோத்தா பயந்தாங்கொள்ளி. போர்டு எழுதறதுக்கு மட்டும் கை ஓடுது உங்களுக்கு."

எனக்கு வாய் வரை வந்தது. வந்ததை முழுங்கினேன்.

"சரி, அத உடு. ஞாயித்துக்கெழம ஓட்டாத" என்றேன்.

"வியாழக்கெழம மறுக்கா தட்டு வருதாம். நீங்கதான் கூட்டத்துல சொன்னீங்களாம். ஊரே வந்து நிக்கும். வந்த தட்ட வேண்டாங்க முடியுமா? ஓட்டறேன். கை போனாப் போகுது. பயந்தவன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

"வாங்காத. வேண்டாம்னு சொல்லு."

"இந்த ஊர்ல அப்பிடிச் சொன்னவன் எவனாச்சும் இருக்கானா?"

இல்லை. போன வாரம் நானே பெருமையாக எழுதியிருக்கிறேன்.

வரும்போது நாச்சிமுத்து அண்ணனின் லேத் பட்டறையில் நின்று, இந்தத் தடவை தட்டு வேண்டாமே என்று பேச்சை எடுத்தேன். "அட என்ன அம்மிணி, ஜமாப்புக்குச் சொல்லியாச்சு. பசங்க பேனர் அடிச்சுட்டாங்க. நீதான் மானம் மரியாதைன்னு பேசுன" என்று சிரித்தார். கிருபாவின் கையைப் பற்றிச் சொன்னேன். "போன வாரம் காலுன்னு சொன்னா நம்பியிருப்பேன். இப்பச் சொன்னா எவன் நம்புவான்? பயத்துக்கு ஒரு சாக்கும்பானுங்க" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர் பேசியது முழுக்க என் பேச்சு.

ஜூலை 24, புதன்

தேங்காய் இரண்டு, வாழைப்பழச் சீப்பு ஒன்று, வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம் வாங்கினேன். பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். அரை மணி நேரம் தேய்த்தேன் போலிருக்கிறது, வெள்ளியங்கிரி வந்து கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"என்ன பண்ணப் போற?" என்றார்.

"தெரீலீங்க" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

ஜூலை 25, வியாழன்

மெஸ்ஸைப் பூட்டிவிட்டுத்தான் போனோம். ஜமாப் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அடித்தது. வெயில். காற்றில் பேனர் இரண்டு முறை கிழிந்தது. பேனரில் கிருபாவின் படம், கீழே "மானம் காக்க வா" என்று எழுதியிருந்தார்கள். பெண்கள், வயசாளிகள், மில்லுக்கு லீவு போட்டவர்கள் என்று கூட்டம் போன தடவையைவிட இரண்டு மடங்கு. தோற்ற பிறகுதான் நம் ஜனங்கள் நிறையப் பேர் வருவார்கள்.

பட்டறை வாசலில் அணி வரிசையாக நின்றது. கிருபா முன்னால் நின்றான். இன்றைக்குக் கையைப் பின்னால் கட்டவில்லை. இரண்டு கையையும் முன்னாலேயே நீட்டி வைத்திருந்தான், நான் பத்தடி தூரத்தில் வரும்போதே. வலது கையின் மூன்று விரலும் வாடிய வெண்டைக்காய் மாதிரி தொங்கின. அது எனக்கு மட்டுமா தெரிந்தது? இத்தனை பேருக்கும் கண் இருந்தது. எல்லாரும் தட்டைத்தான் பார்த்தார்கள்.

நான் அவன் முன்னால் நிற்கவில்லை. அவனைத் தாண்டிப் போனேன். வரிசையில் கடைசியில் நின்ற ஜெகதீஷிடம் போய் நின்றேன்.

ஜமாப் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஜெகதீஷ் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரும் நிற்கிறார்களா என்று.

"உனக்குத்தாண்டா கண்ணு. ஒடம்புல எங்கியாச்சும் நோவுதா?"

"இ... இல்லீங்க்கா."

"கையி, காலு, இடுப்பு? மறைக்காத. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எல்லாம் நல்லாத்தானுங்க்கா இருக்குது."

"ஓட்டறதுக்கு உனக்கு இஷ்டமா? இல்லீன்னா இல்லீன்னு சொல்லு, நான் தட்ட எடுத்துட்டுப் போயிர்றேன்."

அவன் கிருபாவைப் பார்த்தான். அப்புறம், "ஓட்டறனுங்க்கா" என்றான். கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான். தேங்காய் அசையவில்லை.

ஜமாப் நின்றது. "அம்மிணி, என்ன காரியம் பண்ணிப்போட்ட!" என்று நாச்சிமுத்து அண்ணன் கத்தினார். கத்தி என்ன ஆகும்? கொடுத்த தட்டைத் திரும்ப வாங்க அவரால் முடியாது, என்னாலும் முடியாது. பின்னாலிருந்து ஒருத்தன் "சேலத்துக்காரங்கிட்ட வெல போயிட்டா" என்றான். என்னை! ஜெயசீலன் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பினேன். கிருபாவின் வலது கையை மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கிக் காட்டினேன். "இதையும் எடுறா வீடியோ. இந்தக் கையில ஸ்பூன் நிக்கறதில்ல, வண்டி எப்படிடா நிக்கும்? போன தடவ தட்டு வெச்சப்பவே சொல்ல வந்தான். தட்டத் திணிச்சது யாரு? நாந்தான். கைதட்டுனது யாரு? நீங்கதான். இன்னிக்கும் திணிக்கோணும்னா என்ற மேல ஏறிட்டுப் போய்த் திணிங்க."

கிருபா கையை என் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர் முன்னால் கையைத் தூக்கிக் காட்டியதை அவன் மன்னிப்பானோ மாட்டானோ, அது அவன் இஷ்டம். கேட்டுவிட்டுத் தூக்கியிருக்கலாம்.

ஜூலை 26, வெள்ளி

மன்றத்திலிருந்து ஒருத்தரும் சாப்பிட வரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும். அதில் குட்மார்னிங்கைத் தவிர என்ன வந்தது.

ஜூலை 27, சனி

கிருபா வந்தான். கொல்லைப்புற வழியாக இல்லை, வாசல் வழியாக. இலை போட்டு, கேட்காமலே ஸ்பூன் வைத்தேன். நடுவிரல் பக்கத்தில் லேசாகச் சுருக்கென்கிறதாம், டாக்டர் அது நல்லது என்றாராம். அதை வெள்ளியங்கிரியிடம்தான் சொன்னான். என்னிடம் "ரசம்" என்று மட்டும் சொன்னான். ஊற்றினேன். பொரியலை மிச்சம் வைக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

தோற்றோம். மறுபடியும் கடைசி ஓட்டம்தான். மறுபடியும் இரண்டே புள்ளி. அடுத்த வருஷம் லீக்கில் நாம் இல்லை.

மூன்றாவது வளைவில் என் பக்கத்தில் கிருபா நின்றான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் மேட்ச் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடைசி ஓட்டத்தில் ஜெகதீஷ் முதலாவதாகத்தான் போய்க்கொண்டிருந்தான். இரண்டாவது சுற்றில் கிருபா வேலி மேலேயே ஏறிவிட்டான். "உள்ள வாடா, உள்ள வா! எரும! மூடாதடா, மூடாத!" என்று அவன் கத்திய கத்தலில் என் காது அடைத்தது. ஜெகதீஷ் வளைவில் வெளியே அகன்று போனான், சேலத்துக்காரன் உள்ளே புகுந்துவிட்டான். "பயந்தாங்கொள்ளி நாயே!" என்றான் கிருபா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் பாதையையே பார்த்தேன். பின்னாலிருந்து எல்லாரும் ஜெகதீஷைத் திட்டினார்கள், அவனுக்குத் தட்டு கொடுத்த என்னையும் சேர்த்து. நாச்சிமுத்து அண்ணன் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரைப் பார்த்தபோதுதான் எனக்கும் அழுகை வந்தது. இருபது வருஷம் இந்த வேலியோரம் நின்றிருக்கிறோம்.

மெஸ்ஸைத் திறந்து வைத்தேன். அண்டா நிறையச் சோறு. யாரும் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஜெகதீஷ் வந்து வாசலில் நின்றான். உடம்பெல்லாம் செம்மண், கண் சிவந்திருந்தது. உள்ளே வரவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் வளைவுக்குள் நுழைந்தபோதே வேகம் அதிகம், உடம்பைச் சாய்க்க மறந்தான், உள்பக்கத்தைத் திறந்துவிட்டான். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. சொல்ல வேண்டியது வரிசையாக நாக்கில் நின்றது. வெள்ளியங்கிரி கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து உக்காரு" என்றேன். இலை போட்டேன். சோறு வைத்தேன். எதிரில் பெஞ்சை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு, சொல்லு."

சொன்னான். முதலில் விக்கி விக்கி, அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே, கையை வளைவு மாதிரி வளைத்துக் காட்டிக்கொண்டே, ஒரு பருக்கையைச் சேலத்துக்காரனாக வைத்து. பாதையில் பள்ளம் என்றான். டயரில் பிடிப்பு இல்லை என்றான். காற்று தள்ளியது என்றான். அவன் சொன்னதில் முக்கால்வாசி தப்பு. அங்கே பள்ளமே கிடையாது. இரண்டு முறை சாதம் போட்டேன், ஒரு முறை மோர் ஊற்றினேன், அவன் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் ஐயா, நாளைக்கு வருகிறேன். பிரஷர் கட்டாயம் ஏறியிருக்கும்.